அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். சைவத்துக்கு மாறினால் நான் தப்பிப்பேனா?

கேள்வி: எனக்கு வயது 41. அம்மா பிறவியிலேயே சைவம். சிகரெட் வாடையே அவருக்கு ஆகாது. அப்படியும் 64 வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்து, போன வருடம் இறந்துவிட்டார். ரிப்போர்ட்டில் 'ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ளது' என்று இருந்தது. நான் 15 வருடமாக தினமும் பத்து சிகரெட் பிடிக்கிறேன். இப்போது அசைவத்தை விட்டுவிட்டேன். நண்பர் சொன்னதால் பீட்டா கரோட்டின் மாத்திரையும் எடுக்கிறேன். நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? இந்த உணவு என்னைக் காப்பாற்றுமா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். காய், பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருவதைக் கவனித்து, அதற்குக் காரணம் அவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்துதான் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் அதைச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 28 சதவீதம் கூடியது. 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட்டையும் கீரையையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அவற்றால் இந்த ஆபத்து இல்லை.

அடுத்து, அந்த ரிப்போர்ட். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு. அதில் சொல்லியிருப்பது கட்டியின் மரபணுவைப் பற்றி. அம்மாவின் நுரையீரல் செல் ஒன்றில் அவர் வாழ்நாளில் ஏற்பட்ட மாற்றம் அது. உங்களுக்கு வந்து சேர்வதற்கில்லை. எந்த மருந்து கேட்கும் என்று முடிவு செய்யத்தான் அந்தச் சோதனை. புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இந்த மாற்றம் அடிக்கடி காணப்படுவதுதான். பரம்பரையாக வரும் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும் உண்டு, ஆனால் மிக மிக அரிது. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் சிறு வயதிலேயே வந்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் ஆபத்து சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கலாம் என்பது உண்மை. அதிலும் ஒரு பங்கு, ஒரே வீட்டில் சுவாசித்த விறகடுப்புப் புகை, மற்றவர் விட்ட சிகரெட் புகை போன்றவற்றால் வருவது. நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புள்ளவை என்று 2008-ல் 15-வது குரோமோசோமில் கண்டுபிடித்த மரபணு வேறுபாடுகளில் ஒரு வேடிக்கை உண்டு: அவை இருப்பது நிகோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளுக்கான பகுதியில். அந்த வேறுபாடு உள்ளவர்கள் சராசரியாகக் கொஞ்சம் அதிகமாகவே புகைக்கிறார்கள்.

உணவும் மரபணுவும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் முட்டைக்கோஸ். புகையில் உள்ள நச்சுகளைக் கழிக்க உதவும் ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு பலருக்குப் பிறவியிலேயே இருக்காது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி தரும், புற்றுநோயைத் தடுக்கக்கூடும் என்று கருதப்படும் ஐசோதயோசயனேட்டு என்ற பொருளை உடலிலிருந்து வெளியேற்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது இல்லாதவர்களிடம் அந்தப் பொருள் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்கிறது என்பது கருத்து. 2005-ல் வெளியான மத்திய, கிழக்கு ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், அந்த மரபணு இல்லாமல் வாரந்தோறும் இக்காய்களைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. ஆனால் காய் அதிகம் சாப்பிடுகிறவர் பொதுவாகக் குறைவாகப் புகைப்பவராகவும் இருப்பார். இரண்டையும் முழுசாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். மரபணு உண்டா இல்லையா என்று பார்க்காமலே பொரியல் செய்யுங்கள். நறுக்கிச் சில நிமிடம் விட்டு, அதிக நேரம் வேகவிடாமல் இறக்கினால் அந்தச் சத்து கூடுதலாக நிற்கும்.

சைவம் நல்லதுதான். இதயத்துக்கு அதனால் பலன் உண்டு. பத்து சிகரெட்டை ஈடுகட்டும் சக்தி மட்டும் எந்தக் காய்க்கும் இல்லை.

ஸ்கேன் எடுக்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனுக்கு அமெரிக்காவின் அளவுகோல், 50 வயதும், தினம் ஒரு பாக்கெட் (20 சிகரெட்) வீதம் 20 வருடக் கணக்கும். உங்கள் கணக்கு (தினம் அரை பாக்கெட், 15 வருடம்) ஏழரைதான் வருகிறது, வயதும் ஆகவில்லை. பழைய காசநோய்த் தழும்புகள் சகஜமான நம் ஊரில், அவற்றைக் கட்டி என்று சந்தேகித்து, வீண் பயாப்ஸிக்கும் (திசுவை எடுத்துச் சோதிப்பது) ஸ்கேன் இழுத்துப்போகும். மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் விஷயம் வேறு, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இன்று நிறுத்தினால் பத்து வருடத்தில் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருடையதில் பாதியளவுக்கு இறங்கும். நிகோட்டின் சூயிங்கம், பேட்ச் இரண்டும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன; மருத்துவர் மாத்திரையும் எழுதித் தருவார். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது.