பைக் பயிற்சி வகுப்பு: பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்பது?

கேள்வி: லைசென்ஸ் எடுத்துப் பல வருடம் ஆகிறது. சமீபத்தில் பெரிய பைக்குக்கு மாறினேன். ‘அட்வான்ஸ்டு ரைடர் டிரெய்னிங்’ என்று மூன்று விளம்பரங்கள் கண்ணில் பட்டன. ஒன்று ரேஸ் டிராக்கில், ஒன்று காலி மைதானத்தில், மற்றொன்று சாலையிலேயே. எதில் சேரலாம்?

பதில்: பெயர் ஒன்றாக இருந்தாலும் மூன்றும் மூன்று விதமான சரக்கு.

டிராக் பள்ளியில் வளைவுகளைக் கற்றுத்தருவார்கள். பைக்கை எந்த இடத்தில் சாய்ப்பது, ஆக்சிலரேட்டரை எப்போது திறப்பது, பார்வையை எங்கே வைப்பது என்று போகும் அது. கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இந்த வகையில் பேர்பெற்றது. எதிரே லாரி வராத இடம் என்பதால் மனம் பதறாமல் கற்கலாம். ஆனால் லாரி வந்தால் என்ன செய்வது என்பதை அங்கே கற்க முடியாது.

சாலைப் பயிற்சியில், அனுபவசாலி ஒருவர் உங்களுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்து, வழியில் நிறுத்தி நிறுத்திக் குறை சொல்வார். பிரிட்டனில் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் அமைப்பு இப்படித்தான் நடத்துகிறது. அதே நாட்டில் ரோஸ்பா என்ற விபத்துத் தடுப்பு அமைப்பு நடத்தும் தேர்வில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுப்பதோடு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். ஒருமுறை வாங்கிய சான்றிதழைக் காலத்துக்கும் மாட்டி வைக்க விடாத இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

மைதானப் பயிற்சி பார்ப்பதற்குச் சுவாரசியமே இல்லாதது. கோன்களை வைத்து அவசர பிரேக், மெதுவேகத் திருப்பம், தடையிலிருந்து சட்டென்று விலகுவது. போட்டோவுக்குக்கூட ஆகாது. ஆனால் என்னைக் கேட்டால் முதல் பணத்தை இங்கேதான் போட வேண்டும். காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஆய்வாளர் ஹாரி ஹர்ட் குழுவினர் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார்கள். பழைய ஆய்வுதான், ஆனாலும் அதில் சொன்னவை இன்னும் உறைக்கின்றன. வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, அடுத்தவர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. தப்பிக்க ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்தது என்ன? பின் பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்க விட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவே இல்லை. விபத்தில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தாமாகவோ வீட்டார், நண்பர்கள் மூலமாகவோ ஓட்டக் கற்றவர்கள்.

கணக்கைப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் பைக் விநாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. முன் பிரேக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் உலர்ந்த தார்ச்சாலையில் 20 மீட்டர் அளவில் நிறுத்திவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பெரும்பாலான பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. லேசாகிப்போன பின்சக்கரம் எதைப் பிடித்து நிறுத்தும்? ‘முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கியடிக்கும்’ என்று சின்ன வயதில் கேட்டது கையில் அப்படியே தங்கிவிட்டது. அதை மாற்ற, ஆபத்தில்லாத இடத்தில் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே முதலில் மைதானம், அடுத்து சாலை. டிராக் ஆசை இருந்தால் அப்புறம் போங்கள்.

கேள்வி: இரண்டு மைதானப் பள்ளிகளை விசாரித்தேன். இரண்டும் ஒருநாள் வகுப்பு. ஒன்றில் கட்டணம் மற்றதைப் போல் இரண்டு மடங்கு. பாடத்திட்டம் வரிக்கு வரி ஒன்றுதான். மலிவானதிலேயே சேர்ந்துவிடலாமா?

பதில்: பாடத்திட்டத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேட்டீர்களா?

பிரேக் பயிற்சி ஒரு ஓட்டம் என்றால், கிளம்பி வேகமெடுத்து, நிறுத்தி, பயிற்றுநர் சொல்வதைக் கேட்டு நகர ஒரு நிமிடம் ஆகும். இருபது பேர் வரிசையில் நின்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறைதான் உங்கள் முறை, ஒரு மணி நேரத்தில் மூன்று ஓட்டம். ஐந்து பேர் என்றால் பன்னிரண்டு. கட்டணம் இரண்டு மடங்காக இருந்தாலும் ஓட்டம் நான்கு மடங்கு. மலிவு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஓட்டத்தை யாராவது உற்றுப் பார்க்கிறார்களா என்பது அதைவிட முக்கியம். பைக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் தப்பு தெரியாது. ‘நன்றாகத்தானே பிடித்தேன்’ என்றுதான் தோன்றும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் இன்னொரு ஜோடிக் கண்ணுக்குத்தான் காசு கொடுக்கிறோம். நல்ல பயிற்றுநர் கிளம்பும் இடத்தில் நிற்க மாட்டார், பைக் நிற்கும் இடத்துப் பக்கவாட்டில் நிற்பார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மெல்ல அமுங்குகிறதா, ஒரே அடியாகக் குத்துகிறதா என்று பார்ப்பார். முழங்கை விறைத்திருக்கிறதா, நிற்பதற்கு முன்பே கண் முன்சக்கரத்துக்கு இறங்கிவிட்டதா என்று பார்ப்பார். பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்புவார்: ‘பிரேக் லீவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள், பழம் பிழிகிற மாதிரி அமுக்கிக்கொண்டே போங்கள்.’ அடுத்த ஓட்டத்தில் அதை மட்டும் கவனிப்பார். கட்டைவிரலைக் காட்டி ‘சூப்பர்’ என்று அனுப்புகிறவரிடம் நாள் முழுக்க ஓட்டினாலும் பெட்ரோல்தான் செலவு.

இதை ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வேறொரு பேட்ச் நடக்கும்போது அரைமணி நேரம் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். இன்னொன்று, பந்தயக் கோப்பைகளை அடுக்கிக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். வேகமாக ஓட்டத் தெரிவது ஒரு திறமை, அடுத்தவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துச் சொல்வது வேறு திறமை. இரண்டும் ஒருவரிடமே அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: என் பைக்கில் ஏபிஎஸ் இருக்கிறது. பிரேக் பயிற்சி எனக்கும் தேவையா?

பதில்: தேவை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். லீவரை முழு பலத்தோடு பிடிப்பது உங்கள் கைதான். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலுக்கடியில் துடிக்கும். அதை முதல்முறையாக நிஜ ஆபத்தில் உணர்கிறவர், ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து விட்டுவிடலாம். அந்தத் துடிப்பை உணர வைக்கும் வகுப்பா என்று கேளுங்கள். சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும்போது கை கொடுப்பது போல், வளைவில் சாய்ந்திருக்கும்போது கொடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: ‘எங்களிடம் பயின்றால் விபத்தே நேராது’ என்று ஒரு பள்ளி விளம்பரம் செய்கிறது. நம்பலாமா? இன்சூரன்ஸ் பிரீமியமும் குறையுமாமே?

பதில்: அப்படிச் சொல்லும் பள்ளியைத் தாண்டிப் போய்விடுங்கள். மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பயிற்சியால் விபத்து குறைகிறதா என்று உறுதியாகச் சொல்ல அவை போதாது என்றே முடித்தது. நார்வேயில் கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண்களிடம் அந்த வகை விபத்து கூடிப்போனது. கற்றுக்கொண்டதைவிடத் தைரியம் அதிகமாக ஏறிவிட்டது போலும். அதனால் பயிற்சியே வீண் என்று ஆகிவிடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ‘நான் இன்னும் தள்ளி, இன்னும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும்’ என்ற நினைப்போடு அனுப்பும் வகுப்பு நல்லது. ஹீரோ நினைப்போடு அனுப்புவது ஆகாது.

பிரீமியம் குறையுமா என்பதை உங்கள் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், பள்ளியிடம் அல்ல. கேட்கும்போதே, டிராக்கில் நடக்கும் சேதத்துக்குப் பாலிசி பொருந்துமா என்றும் கேட்டுவிடுங்கள். பல பாலிசிகளில் பொருந்தாது.

கேள்வி: சொந்த பைக்கில் கற்பது நல்லதா, பள்ளி கொடுக்கும் பைக்கிலா? கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தினமும் ஓட்டப்போவது எதுவோ அதில் கற்பதுதான் உத்தமம். ஆனால் மெதுவேகத் திருப்பத்தில் பைக் சாயத்தான் செய்யும். புது பைக் கீறிவிடுமே என்ற கவலையில் ஹாண்டிலை முழுதாகத் திருப்பாமலே அன்றைய பொழுதைக் கழித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் இருந்தால் காலையில் பள்ளியின் சின்ன பைக், மதியத்துக்கு மேல் உங்களுடையது என்று கேட்டுப் பாருங்கள். லீவர் உடைந்தால் யார் செலவு, மழை வந்தால் வகுப்பு தள்ளிப்போகுமா, உங்களால் வர முடியாவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும்: இந்த மூன்றையும் வாய்ப்பேச்சாக விடாமல், முன்பணம் கட்டும்முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.