பிறந்தநாள் யாருக்கு, தம்பி?

கெடா மாநிலம் பாடாங் செராய் வாசகர் ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"வருகிற பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது என்னோடுதான் இருக்கிறார். இதைக் கொண்டாடக் குடும்பமாக 11 பேர் பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்க வேண்டும் என்கிறார் அண்ணன். காலையில் போய் மாலையில் திரும்பினால் போதும் என்கிறேன் நான். இரவு தங்கினால் செலவு கூடும், அப்பாவையும் அத்தை வீட்டில் விட வேண்டும். பகல் பயணத்தில் அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு முழங்கால் வலி, ஏசி போட்டுக்கொண்டு காரிலேயே இருந்துகொள்வார். அவரே அப்படித்தான் சொன்னார். இந்த விஷயத்தில் அண்ணனும் நானும் இரண்டு வாரமாகப் பேசுவதில்லை. யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். அண்ணனின் பிடிவாதம் இருக்கிறது, கூடாரச் செலவு இருக்கிறது, யார் பேசவில்லை என்ற கணக்கும் இருக்கிறது. அப்பாவுக்கு என்ன ஏற்பாடு என்று தேடினால் "காரிலேயே இருந்துகொள்வார்" என்ற ஒரு வரிதான் கிடைக்கிறது. அதையும் வசதியான ஏற்பாடு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பிறந்தநாளுக்கு ஊரே திரண்டு போகிறது, அவர் மட்டும் கார் நிறுத்துமிடத்தில் காவல் இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று யோசித்தீர்களா? பூங்கா வாசலிலிருந்து கெராச்சுட் வரை காட்டுப்பாதை ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் வேர்களும் நிறைந்த பாதை. பிள்ளைகளோடு நடந்தால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆகும். அங்கே ஏரியைப் பார்த்து, ஆமைக் காப்பகத்தைப் பார்த்து, சாப்பிட்டுத் திரும்ப எப்படியும் ஐந்தாறு மணி நேரம். அத்தனை நேரமும் எழுபது வயது மனிதர் எஞ்சின் ஓடுகிற காருக்குள் தனியாக உட்கார்ந்திருப்பதா? எஞ்சின் நின்றுபோனால் நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் சூடு 45 டிகிரியைத் தாண்டிவிடும். அவருக்கு மயக்கம் வந்தால் யாருக்குத் தெரியும்? ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் யார் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்?

"அவரே சொன்னார்" என்பதை நீங்கள் ஆதாரமாகக் காட்டுவதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, கொடுத்த மர வரிசையை வெட்டி, பிள்ளைகளை வளர்த்த ஆள்கள் "எனக்கு இது வேண்டும்" என்று கேட்டுப் பழகியவர்களா? "எனக்கு என்னலா, நீங்க போயிட்டு வாங்க" என்பது அவர்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு வசதி, அவ்வளவுதான். அதோடு, அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இரண்டு மகன்களும் இரண்டு வாரமாகப் பேசிக்கொள்ளாதது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தன்னால் பிள்ளைகளுக்குள் சண்டை வேண்டாம் என்றுதான் காரில் இருக்க ஒப்புக்கொண்டிருப்பார். அதை நீங்கள் சம்மதம் என்று எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அண்ணனையும் நான் விடப்போவதில்லை. அப்பாவை அத்தை வீட்டில் இறக்கிவிட்டு அப்பாவின் பிறந்தநாளைக் கடற்கரையில் கொண்டாட நினைப்பவருக்கு மூத்த மகன் என்ற பேச்சு எதற்கு? கூடாரம் போடுவது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான், பூங்கா அலுவலகத்தில் அனுமதி வாங்கினால் கெராச்சுட்டில் தங்கலாம். அதை வேறொரு சனிக்கிழமை வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு இதில் உறுதியான எண்ணம் உண்டு. யாருக்காகப் போகிறோமோ அவர் நடக்கிற வேகத்தில்தான் எல்லாரும் நடக்க வேண்டும். அவரால் முடியாத இடத்துக்கு அன்றைக்கு யாரும் போகத் தேவையில்லை. மாசாமாசம் மருந்து வாங்கித் தருவதோடு மகனின் கடமை தீர்ந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து நேரம் கொடுப்பதும் கடமைதான்.

சரி, வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பூங்கா தெலுக் பஹாங்கில் இருக்கிறது. வாசல் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து கெராச்சுட்டுக்கும் தெலுக் டூயோங்குக்கும் படகு போகிறது. நடந்தால் அவ்வளவு நேரமாகிற கெராச்சுட்டுக்குப் படகில் சுமார் கால் மணி, இருபது நிமிடம்தான். நடக்கத் துடிக்கிற பிள்ளைகளை அண்ணன் காட்டுப்பாதையில் கூட்டிக்கொண்டு வரட்டும். நீங்கள் அப்பாவோடு படகில் போங்கள். அங்கே எல்லாரும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரு வாரம் முன்னதாக நீங்கள் நேரில் போய்த் துறையின் படிகளைப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் படகில் ஏறி இறங்க முழங்கால் வலிக்காரர் சிரமப்படுவார். எந்த நேரம் தோது என்று படகுக்காரரிடம் கேட்டு, அதற்கேற்பக் கிளம்புங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் யாரையும் ஏற்றாதீர்கள்.

அந்த ஏரியைப் பார்த்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காமல் கிடக்கும். மழை இல்லாத காலத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும், அதனால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கடலில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஜெல்லி மீன் உண்டு, நீரோட்டமும் பலமானது. குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பிடுங்கும்.

இரவு தங்கியே ஆக வேண்டுமென்றால் தெலுக் பஹாங்கிலோ பத்து பெரிங்கியிலோ கீழ்த்தளத்தில் அறை எடுத்து, எல்லாரும் ஒரே இடத்தில் தங்குங்கள். விடுமுறை நாளில் பத்து பெரிங்கி சாலை நெரியும், காலை ஏழு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால் நல்லது. அப்புறம், 11 பேருக்குச் சோறு கட்டப்போவது யார் என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் மனைவியும் அண்ணியும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்படியில் நிற்க வேண்டாம். பசியாறவும் மதியச் சாப்பாட்டுக்கும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே அண்ணனுக்கு நீங்கள் போன் செய்யுங்கள், அவர் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு பேரும் அப்பா முன்னால் உட்கார்ந்து, "எங்கப்பா போகலாம்?" என்று கேளுங்கள். பூங்காவின் பெயரை எடுக்காதீர்கள், முழங்காலையும் ஞாபகப்படுத்தாதீர்கள். முதலில் "எங்கேயும் வேண்டாம்" என்பார். எழுந்து போய்விடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். தெலுக் பஹாங் படகில் ஏறிப் பார்க்கிறேன் என்றால் மேலே சொன்னபடி செய்யுங்கள். கெடாவிலேயே இருக்கிற பந்தாய் மெர்டேக்கா கடற்கரை போதும், கடலைப் பார்த்துக்கொண்டு மீன் சாப்பிடலாம் என்றால், 11 பேரும் பந்தாய் மெர்டேக்காவுக்குப் போங்கள்.