அபர்டீனில் ஒன்றுமில்லை என்கிறான் மகன்

கேள்வி: எங்கள் மகன் ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். ஜூனில் நானும் கணவரும் பத்து நாள் போகிறோம். "இங்கே சாம்பல் கலர் கட்டடத்தைத் தவிர ஒன்றும் கிடையாதும்மா, சனிக்கிழமை எடின்பரோ கூட்டிப்போகிறேன்" என்கிறான். வார நாட்களில் நாங்கள் இருவர் மட்டும் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்ப் பார்க்க, சாப்பிட என்ன இருக்கிறது? நான் மீன் சாப்பிடுவேன். அவர் ரிட்டயரான பிறகு சைவம், முட்டை உண்டு. முழங்கால் வலியும் உண்டு. ஒரு தடவையாவது அசல் ஸ்காட்ச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். நானும் கூடப் போகலாமா? ஊரிலிருந்து நெய், பொடி எல்லாம் கொண்டுபோகலாமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மைதான். யூனியன் ஸ்ட்ரீட் என்கிற பெரிய கடைவீதியில் நடந்தால் மூடிக் கிடக்கும் கடைகள் நிறையக் கண்ணில் படும். ஆபீஸ், வீடு, சூப்பர்மார்க்கெட் என்றே சுற்றி வருகிற பிள்ளைக்கு ஊர் சாம்பலாகத்தான் தெரியும். நீங்கள் துறைமுகத்து மனுஷி. கடைவீதியை விட்டுவிட்டு மீன் வந்த வழியே போங்கள்.

அந்தச் சாம்பல் நிறமும் லேசுப்பட்டதல்ல. எல்லாம் கிரானைட். ஊருக்குள்ளேயே ரூபிஸ்லா என்றொரு குவாரி, 140 மீட்டருக்கு மேல் ஆழம், 1971இல் மூடிவிட்டார்கள். அபர்டீனில் பாதி அந்தக் குழியிலிருந்து வந்ததுதான் என்பார்கள். மழை விட்டு வெயில் அடிக்கிற நேரத்தில் மார்ஷல் காலேஜ் வாசலில் போய் நில்லுங்கள். கல்லில் இருக்கிற காக்காப்பொன் மினுங்கும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் சாப்பிட்ட பிறகும் போகலாம்.

முதல் நாள் காலை பேக்கரியில் ஆரம்பியுங்கள். "பட்டரி" என்று கேளுங்கள். "ரோவி" என்றாலும் அதுதான். நாள்கணக்காகக் கடலில் கிடந்த மீனவர்களுக்காக, கெடாமல் இருக்க உப்பும் கொழுப்பும் தாராளமாகப் போட்டுச் செய்த ரொட்டி. பார்க்க யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி சப்பையாக இருக்கும். விருதுநகர் பொரித்த பரோட்டாவை ஞாபகப்படுத்தும் மொறுமொறுப்பு. ஆனால் உங்கள் கணவருக்கு எடுத்து நீட்டுமுன் ஒரு கேள்வி: "லார்டா, வெஜிடபிள் ஃபேட்டா?" பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேரும். சைவமாகச் செய்கிற கடைகளும் இருக்கின்றன.

சாப்பிட்டுவிட்டு ஃபிட்டிக்கு நடங்கள். எழுத்தில் ஃபுட்டீ, ஊர்க்காரர் வாயில் ஃபிட்டி. துறைமுக வாயில் 1809 வாக்கில் திட்டம் போட்டுக் கட்டிய மீனவர் குடியிருப்பு. வீடுகளெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடு முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வடகடல் காற்றுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. எதிரே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டிக் கொட்டகை. அதில் பொம்மை, மிதவை, பழைய நங்கூரம் என்று அவரவர் ரசனை. ஜனங்கள் இப்போதும் குடியிருக்கிற இடம், ஜன்னலுக்குள் போனை நீட்டாதீர்கள்.

துறைமுக வாய்க்கு மறுகரை டோரி. அங்கே 1860 வாக்கில் கட்டிய டோரி பேட்டரி என்கிற பழைய பீரங்கிக் கோட்டை. பேட்டரி என்றதும் மறுபடி ரொட்டி என்று நினைக்க வேண்டாம். இங்கே டிக்கெட் இல்லை, படகு இல்லை. மேட்டில் நின்றபடியே டால்பின் பார்க்கலாம். நீங்கள் ஓங்கல் என்று சொல்வீர்களே, அதன் பெரிய அண்ணன். சால்மன் மீன் ஆற்றுக்குள் ஏற வரும் நேரம் பார்த்து அவையும் வாசலில் காத்திருக்கும். நான் போன அன்று முக்கால் மணி நேரம் ஒன்றுமே வரவில்லை, பிறகு வந்தது பனிமூட்டம். கடலிலிருந்து திடீரென்று ஏறி வரும் அந்த மூட்டத்துக்கு "ஹார்" என்று பெயர். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அடுத்த நாள் மறுபடி போனேன், ஏழெட்டு துள்ளின. ஆகவே இந்த இடத்துக்கு இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் ஷிப்ரோ தெருவில் கடல்சார் அருங்காட்சியகம், கொஞ்சம் தள்ளி ஆர்ட் கேலரி. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

இனி மீன். அங்கே ராஜா ஹாடக். தோளில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். இராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெருவிரல் பட்ட அடையாளம் என்று அவர்களும் கதை வைத்திருக்கிறார்கள். "ஃபிஷ் சப்பர்" என்று கேட்டால் வறுத்த ஹாடக்கும் உருளை சிப்ஸும் சேர்ந்து வரும். ஒன்று வாங்கினால் இருவருக்குப் போதும். சிப்ஸ்தானே சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். "எதில் பொரிக்கிறீர்கள்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட என்றால் கல்லன் ஸ்கிங்க். புகையூட்டிய ஹாடக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் சேர்ந்த கெட்டி சூப். மிளகாய் தேடும் நாக்குக்கு முதல் இரண்டு ஸ்பூன் சப்பென்றிருக்கும். மூன்றாவது ஸ்பூனில் புகை வாசனை வேலையைக் காட்டும்.

ஆனால் ஒரே ஒரு மீன்தான் சாப்பிட முடியும் என்றால் ஆர்ப்ரோத் போங்கள். தெற்கே ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஹாடக்கைத் தலை வாங்கி, உப்பில் போட்டு, இரண்டிரண்டாக வாலோடு வால் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, கீழே கட்டை நெருப்பு மூட்டி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் செம்பு நிறத்தில் வெந்து வரும். அதுதான் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி. ஊரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். 2004இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். சூடாக வாங்கி, காகிதத்தைப் பிரித்து, துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கையால் முள் எடுத்துச் சாப்பிடுங்கள். ஸ்காட்லாந்தில் நான் முள்ளுக்கரண்டியை மறந்து சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான். கடற்பறவைகள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும், கவனம்.

உங்கள் கணவர் அங்கே பசியோடு உட்கார வேண்டியதில்லை. பேக்கரியில் மக்ரோனி பை கிடைக்கும். பைக்குள் மக்ரோனியும் சீஸும். மாவுக்குள் மாவு என்று சிரிப்பார், ஆனால் சாப்பிட்டுவிடுவார். ஹாகிஸ் என்பது ஆட்டு ஈரல், இதயம் வைத்துச் செய்கிற ஸ்காட்லாந்துப் பதார்த்தம்; ஓட்ஸ், பருப்பு, பீன்ஸ் வைத்த சைவ ஹாகிஸும் பல இடங்களில் உண்டு. க்ரானகன் என்ற இனிப்பில் விஸ்கி இருக்கும், துணியில் கட்டி அவிக்கிற க்ளூட்டி டம்ப்ளிங் என்ற இனிப்பில் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம்.

ஸ்டோன்ஹேவன் இன்னும் பக்கம், ரயிலில் இருபது நிமிடம். அங்கிருந்து பாறைமேல் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் டன்னோட்டர் கோட்டை. 1651இல் இங்கிலாந்துத் தளபதி க்ராம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது ஸ்காட்லாந்தின் கிரீடத்தை இங்கேதான் ஒளித்து வைத்தார்கள். பிறகு ரகசியமாக வெளியே கடத்தி, பக்கத்தில் கின்னெஃப் என்ற ஊர் தேவாலயத்தின் தரைக்கு அடியில் புதைத்தார்கள். கோட்டைக்குள் போகப் படிக்கட்டில் கடல்மட்டம் வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். முழங்காலுக்கு வேண்டாம். பஸ்ஸிலோ டாக்ஸியிலோ மேட்டுக்குப் போய் அங்கிருந்தே பாருங்கள். படத்தில் வருகிற அழகெல்லாம் அந்த மேட்டிலிருந்து தெரிவதுதான், டிக்கெட் காசும் மிச்சம். ஊருக்குள் 1934இல் திறந்த திறந்தவெளி நீச்சல்குளம் இருக்கிறது; கடல்நீரைச் சூடாக்கி விடுகிறார்கள். மார்ஸ் சாக்லேட்டை மாவில் முக்கிப் பொரித்துத் தின்னும் பழக்கம் இந்த ஊர் மீன்கடையில் பிறந்தது. ஒரு கடி போதும்.

ஸ்டோன்ஹேவனுக்கு உள்நாட்டுப் பக்கம் ஆக்கன்பிளே என்று ஒரு சிற்றூர். 1867இல் இலங்கையில் லூல்கந்துரவில் வியாபாரத்துக்கான முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்தப் பக்கத்துப் பிள்ளை. தூத்துக்குடியில் கப்பலேறி அந்த மலைகளுக்குப் போனவர்களின் கதை உங்கள் ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்க்க என்று போக வேண்டாம். ரயில் அந்த வயல்களைக் கடக்கும்போது ஞாபகம் வந்தால் சரி.

பப் விஷயம். தாராளமாகப் போகலாம். பெண்கள், பாட்டிகள், சில இடங்களில் நாய்கள்கூட இருக்கும். செயின்ட் நிக்கலஸ் லேனில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பழைய பப் இருக்கிறது, நீளமான மரக் கவுன்டர். மேஜைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்காமல் கவுன்டரில் போய்க் கேட்க வேண்டும். விஸ்கி ஒரு அளவு என்றால் 25 அல்லது 35 மில்லி. நம் ஊர்க் கணக்கில் சொட்டு. உள்ளூர்ச் சரக்கு வேண்டுமென்றால் "க்ளென் கீரி" என்று சொல்லட்டும். பாட்டிலில் எழுத்து வேறு மாதிரி இருக்கும். 1797இலிருந்து பக்கத்து ஓல்ட்மெல்ட்ரமில் காய்ச்சுகிறார்கள். சோடா வேண்டாம், சில துளி தண்ணீர் போதும். நீங்கள் ஐர்ன் ப்ரூ என்கிற ஆரஞ்சு நிறக் குளிர்பானம் குடியுங்கள். மகன் கார் கொண்டுவந்தால் அவனுக்கும் அதுவே. குடித்து ஓட்டும் வரம்பு ஸ்காட்லாந்தில் 2014இலிருந்து இங்கிலாந்தைவிடக் கடுமை.

கவுன்டரில் யாராவது "ஃபிட் லைக்?" என்றால் சௌக்கியமா என்று அர்த்தம். அந்தப் பக்கத்துப் பேச்சில் வ ஒலி பல சொற்களில் ஃப ஆகிவிடும். "நே பேட்" என்று பதில் சொன்னால் பக்கத்து ஸ்டூல்காரர் திரும்பிப் பார்ப்பார்.

எடின்பரோவுக்கும் கட்டாயம் போங்கள், ஆனால் ரயிலில். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும். ஜூன் என்று நம்பிக் கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். குடை வேண்டாம், காற்று தாங்கும் ஜாக்கெட் வாங்குங்கள்.

கடைசியாகப் பெட்டி. இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். மகனுக்குப் பால்கோவா ஏக்கம் இருந்தால் அங்கே "டாப்லெட்" என்று பால், வெண்ணெய், சர்க்கரை காய்ச்சிய வில்லை கிடைக்கும், சர்க்கரைதான் தூக்கல். பொடிக்குத் தடையில்லை. கருவாட்டுக்கும் இல்லை, மூன்று கவர் போட்டுக் கட்டுங்கள்.