ஆன்லைன் செஸ் புதிர்களில் தாமதமான செக்மேட்டையும் சரியான விடையாக ஏற்க வேண்டுமா?

ஏற்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு: புதிரின் தலைப்பிலேயே "மூன்று நகர்த்தலில் மேட்" என்று எண் போட்டிருந்தால் அந்த எண்ணுக்குள் முடிப்பதுதான் கேள்வி. நாலாவது நகர்த்தலில் முடித்துவிட்டு மார்க் கேட்க முடியாது. ஆனால் "வெள்ளை ஆட வேண்டும்" என்று மட்டும் போட்டுவிட்டு, தப்பிக்க வழியில்லாத மேட்டைக் கண்டுபிடித்தவருக்குச் சிவப்பு பெருக்கல் குறி காட்டுவது அநியாயம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனை நீட்டிக் கேட்டாள்: "சார், யானையையும் வெட்டிட்டேன், மேட்டும் வருது. அப்புறம் ஏன் சார் தப்புன்னு காட்டுது?"

அந்த நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். தேவையான காய்களை மட்டும் சொல்கிறேன். கட்டத்தின் பெயரில் எழுத்து செங்குத்து வரிசை, எண் கிடை வரிசை. கறுப்பு ராஜா ஜி8, யானை டி8, ராணி பி2, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ராஜா ஜி1, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2, ராணி சி4, குதிரை எஃப்7. வெள்ளை ஆட வேண்டும்.

தளம் எதிர்பார்த்த விடை ஸ்மதர்டு மேட், அதாவது சொந்தக் காய்களாலேயே அடைபட்ட ராஜாவுக்குக் குதிரை வைக்கும் மேட். குதிரை எச்6-க்குப் போய் இரட்டைச் செக்: குதிரையும் ராணியும் ஒரே நேரத்தில் செக். ராஜா எச்8. இப்போது ராணி ஜி8-இல் போய் நின்று தன்னைப் பலி கொடுக்கும். குதிரை காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். குதிரை மறுபடி எஃப்7, மேட். மூன்றே நகர்த்தல். 1497-இலேயே லூசெனா என்ற ஸ்பெயின்காரர் எழுதிவைத்த உத்தி இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அவள் ஆடியது வேறு. குதிரையால் டி8 யானையை வெட்டினாள். குதிரை விலகியதும் ராணியின் செக் திறந்துகொள்ளும். நடுவில் காய் வைத்து மறைக்கக் கறுப்பு ராணிக்கு வழியில்லை. ராஜா எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7, உடனே மேட். எச்8-க்குப் போனால் குதிரை எஃப்7 செக், ராஜா ஜி8, குதிரை எச்6 இரட்டைச் செக், ராஜா எச்8, ராணி ஜி8 மேட். இந்தத் தடவை வெட்ட யானையே இல்லை. இடையில் ராஜா எஃப்8 பக்கம் ஓடினாலும் ராணி எஃப்7-இல் மேட்தான்.

நாலு நகர்த்தல், நாலும் செக். கறுப்புக்கு மூச்சுவிட ஒரு நகர்த்தல்கூடக் கிடைக்காது. ராணியைப் பலி கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதைத் தப்பு என்று ஒரு பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்வேன்? போட்டியில் இதே நிலை வந்து, கடிகாரத்தில் அரை நிமிடம் மிச்சமிருந்தால், நானே யானையைத்தான் வெட்டச் சொல்வேன்.

தளங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை. புதிர் என்பது அவர்களிடம் ஒரு தொடக்க நிலையும் அதற்கான ஒரே ஒரு நகர்த்தல் வரிசையும்தான். வரிசையை விட்டு விலகினால் எதிராளியின் பதில் சேமிப்பில் இருக்காது. அதனால்தான் கடைசி நகர்த்தலில் மட்டும் தாராளமாக இருக்க முடிகிறது. உதாரணமாக வெள்ளை ராஜா எஃப்6, சிப்பாய் ஏ7, கறுப்பு ராஜா எஃப்8. சிப்பாய் ஏ8-இல் ராணியானாலும் மேட், யானையானாலும் மேட். மேட்டா இல்லையா என்று பார்க்க விதிகளே போதும், நகர்த்தல்களைக் கணக்கிடும் மென்பொருளான எஞ்சின்கூட வேண்டாம்.

லிச்செஸ் என்ற செஸ் தளம் இதை நன்றாகக் கையாண்டிருக்கிறது. புதிர் தீர்ப்பவரின் ஒவ்வொரு நகர்த்தலும் 'வேறு வழியே இல்லை' என்கிற நகர்த்தலாக இருக்க வேண்டும், வேறு எதை ஆடினாலும் நிலைமை கணிசமாக மோசமாக வேண்டும் என்பது அவர்கள் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கும் விதி. ஒரே நகர்த்தலில் மேட் வரும் இடத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே எந்த மேட்டும் செல்லும். இந்த விதிப்படி பார்த்தால், மேலே சொன்ன நிலை புதிராகத் தேர்வாகியே இருக்கக் கூடாது. இரண்டு வழியிலும் மேட் வருகிறதே! அந்தப் பெண் ஆடியது வேறொரு தளத்தில்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. தாமதமான மேட்டை ஏற்றுக்கொண்டால் பிள்ளைகள் பலி கொடுக்கும் உத்திகளைத் தேடவே மாட்டார்கள், கைக்கு அகப்பட்ட காயை வெட்டிக்கொண்டே போவார்கள் என்பார்கள் பயிற்சியாளர்கள். புதிர் இயற்றும் கலைஞர்களுக்கும் இரண்டாவது விடை ஒரு குறைதான். "இரண்டு நகர்த்தலில் மேட்" என்று ஒருவர் இயற்றும்போது முதல் நகர்த்தல் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இன்னொன்று இருந்தால் புதிரே உடைந்துவிடும். ஆனால் அந்தக் கலையில் எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நம் போனில் வருபவை பெரும்பாலும் யாரோ நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து கணினி பொறுக்கியவை. நிஜ ஆட்டத்துக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி என்ன? மேட் ஆனால் ஆட்டம் முடிந்தது, வெற்றி. சீக்கிரம் முடித்தவருக்கு அரைப் புள்ளி கூடுதல் கிடையாது. வெட்டும் சிப்பாய் நகர்த்தலும் இல்லாமல் இரு தரப்பும் ஐம்பது நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்பது ஒரு வரம்பு. மந்திரியும் குதிரையும் வைத்து மேட் செய்ய, பிசகாமல் ஆடினாலே 33 நகர்த்தல் வரை போகலாம். அதை 40-இல் முடித்தவரும் ஜெயித்தவர்தான்.

அதற்காக வெற்றி நிலை எல்லாமே விடை ஆகாது. மேட் இருக்கும்போது சும்மா ஒரு யானையைப் பிடித்து வைத்துக்கொண்டு "நான்தானே ஜெயிக்கிறேன்" என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிராளி எப்படி ஆடினாலும் மேட் என்று எஞ்சின் உறுதி சொல்ல வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இப்போது பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. விலகி ஆடிய நகர்த்தலை அந்தக் கணமே சோதிப்பது பெரிய வேலை இல்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ரேட்டிங்கை, அதாவது திறமைப் புள்ளியைக் குறைக்காதீர்கள். "இதுவும் மேட்தான், ஆனால் இதைவிட வேகமான வழி இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்று ஒரு வரி காட்டுங்கள். பலியைத் தேடும் ஆசை தண்டனையால் வராது, இந்த மாதிரி ஒரு வரியால் வரும். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதும் அதுதான். "உன் மேட் சரி. இப்ப யானையைத் தொடாம மூணுல முடி பாப்போம்" என்றேன். ராணியை ஜி8-இல் வைக்கலாம் என்று தோன்றியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தப்பு ஆனதும் முடிந்துவிடும் பஸில் ரஷ் மாதிரி வேகப் போட்டிகளில், இரட்டை விடை உள்ள நிலைகளைச் சேர்க்காமல் விட்டுவிடுவதே நல்லது.

உங்களுக்கு இப்படி நடந்தால் உடனே அடுத்த புதிருக்குப் போய்விடாதீர்கள். அனாலிசிஸ் பலகையைத் திறந்து, நீங்கள் ஆடிய நகர்த்தலை வைத்துப் பாருங்கள். எஞ்சின் உங்கள் பக்கம் மேட் குறியும் எண்ணும் காட்டினால் நீங்கள் கண்டுபிடித்தது சரி. அந்த நிலையைத் தளத்துக்குப் புகாராக அனுப்புங்கள்.