படகு ஏறும் அவசரத்தில் போட்ட கையெழுத்து

கேள்வி: திருமண நாளுக்காக நானும் கணவரும், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு கடற்கரை ரிசார்ட்டில் 5 இரவுகள் தங்க முன்பதிவு செய்தோம். சாப்பாடு, பானங்கள், படகு எல்லாம் அடங்கிய பேக்கேஜ். கடலைப் பார்த்த அறை என்று படம் காட்டினார்கள். கொடுத்ததோ ஜெனரேட்டர் ஓடும் பக்கம். புகார் சொன்னால் வரவேற்பில் சிரித்தார்கள். தூக்கமே இல்லாமல் 3 இரவுகளோடு கிளம்பிவிட்டோம். படகுக்கும் பானங்களுக்கும் தனி பில் போட்டார்கள். படகு புறப்படும் நேரத்தில் மேலாளர் 2 இரவு இலவசமாகத் தங்க ஒரு வவுச்சர் கொடுத்து, ‘இது முழுமையான, இறுதியான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கணவரிடம் கையெழுத்து வாங்கினார். 9 நாள் ஆகிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. கட்டிய பணத்தைப் போல் பத்து மடங்கு நஷ்டஈடு கேட்டு நான் தனியாக வழக்குப் போடலாமா? வவுச்சர் 3 மாதத்தில் காலாவதியாகிறது. அதை வீணாக்காமல் பயன்படுத்திவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வவுச்சரைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வரவேற்பில் சிரித்தது, தூக்கம் கெட்டது, திருமண நாள் பாழானது, எல்லாமே வருத்தமான விஷயங்கள்தான். ஆனால் உங்கள் வழக்கின் தலையெழுத்து அவற்றில் இல்லை. அறை மாறியதும் கூடுதல் பில்லும் சேவைக் குறைபாடு என்று காட்டுவது பெரிய வேலையில்லை. முன்பதிவு உறுதிச்சீட்டு, அறையின் படங்கள், பில் இந்த மூன்றும் போதும். ரிசார்ட்டின் வக்கீல் இதையெல்லாம் மறுத்துக்கூடப் பேச மாட்டார். உங்கள் கணவர் கையெழுத்திட்ட அந்தத் தாளை மட்டும் தாக்கல் செய்வார்.

அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டதாலேயே நுகர்வோரின் உரிமை போய்விடாது என்று 1999-ல் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பலர் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு தைரியமாகிவிடுகிறார்கள். அதே தீர்ப்பின் மறுபாதி என்னவென்றால், மோசடியாலோ, வற்புறுத்தலாலோ, தகாத செல்வாக்காலோ அந்தக் கையெழுத்து வாங்கப்பட்டது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ‘அவசரத்தில் போட்டோம்’ என்பது நிரூபணம் ஆகாது. ‘கையெழுத்துப் போட்டால்தான் படகு’ என்று சொன்னார்களா? பெட்டிகளைப் பிடித்து வைத்தார்களா? இதற்கான பதிலில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது; உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதைவிட அவசரமானது நாள் கணக்கு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 வருடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஜீனஸ் பவர் என்ற காப்பீட்டு வழக்கில், கையெழுத்திட்டு ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து வந்த ஆட்சேபணையை உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்கவில்லை. கட்டாயப்படுத்தித்தான் வாங்கினார்கள் என்றால் உடனே ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. உங்களுக்கு 9 நாள் ஆகிவிட்டது. இன்றைக்கே ரிசார்ட்டுக்கும் முன்பதிவு செய்துகொடுத்த நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த நிலையில் கையெழுத்து வாங்கப்பட்டது, அந்தத் தீர்வை ஏன் ஏற்கவில்லை என்று. நடந்ததை மட்டும் எழுதுங்கள். நடக்காத மிரட்டலைச் சேர்த்தால் நடந்ததையும் நம்ப மாட்டார்கள்.

அதே மின்னஞ்சலில் வவுச்சரைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, பதிவுத் தபாலில் அனுப்பியும் விடுங்கள். நான் பார்த்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சுதந்திரமான சம்மதமில்லாத ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போவதில்லை. ஒப்பந்தச் சட்டம் 19-ம் பிரிவின்படி அதை ரத்து செய்ய வேண்டியது பாதிக்கப்பட்டவர்தான். ரத்து செய்பவர் அதனால் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 64-ம் பிரிவு. வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டே கையெழுத்து செல்லாது என்று வாதாட முடியாது. அதில் போய் 2 இரவு தங்கிவிட்டு வந்தால் வழக்கு அன்றோடு முடிந்தது. அதற்கப்புறம் என்னிடம் வந்தாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த மூன்று மாதக் கெடு உங்களை அவசரப்படுத்தத்தான் செய்யும். வவுச்சர் வீணானால் வீணாகட்டும்.

நீங்கள் தனியாக வழக்குப் போடும் யோசனை புத்திசாலித்தனமானதுதான். பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. ஆனாலும் ஒரே முன்பதிவு, ஒரே அறை, ஒரே பில். கணவர் உங்களுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்திட்டார் என்ற வாதத்தை ஆணையம் ஏற்க வாய்ப்பு அதிகம். இதைத் துணை வாதமாக வையுங்கள், முதல் வாதமாக வேண்டாம். இருவரும் சேர்ந்தே புகார்தாரர்களாக இருங்கள்.

பத்து மடங்கை விட்டுவிடுங்கள். தங்காத 2 இரவுகளின் பணம், கூடுதல் பில், அறை வித்தியாசம், நியாயமான ஒரு நஷ்டஈடு. கேட்க வேண்டியது இவ்வளவுதான். ‘தராவிட்டால் வீடியோ போடுவேன்’ என்று மட்டும் எழுத்தில் சொல்லிவிடாதீர்கள். கேட்க நியாயமான பணம் இருந்தும் மிரட்டிப் பணம் பறிப்பதாக எதிர்ப்புகாரை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு.

என் வெளிப்படையான கருத்து: தங்காத 2 இரவுகளின் பணத்தையும் கூடுதல் பில்லையும் ரொக்கமாகத் தர முன்வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். அந்தத் தாள் இருக்கும்வரை உங்கள் பக்கம் பலவீனமானது. அதிகம் கேட்டு இழுப்பதற்கான வழக்கு இதுவல்ல. இன்னொரு வவுச்சரை நீட்டினால் வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் புகாரைத் தாக்கல் செய்யுங்கள். ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே தீர்மானிக்கும். மேலாளரைக் கூண்டில் நிறுத்தி உண்மையை வரவழைப்போம் என்று நம்பியிருக்காதீர்கள். அதனால் அன்றைக்குப் படகிலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ யாருக்காவது வாட்ஸ்அப்பில் புலம்பியிருந்தீர்களா என்று இப்போதே தேடிப் பாருங்கள். ‘கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம்’ என்று உங்கள் அக்காவுக்கு அனுப்பிய ஒரு செய்தி, நான் எழுதித்தரும் பத்துப் பக்க மனுவைவிடப் பெரிய சாட்சி. கிடைத்தால் அழிக்காமல், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.