அப்டேட் வந்திருக்கிறது, அழுத்தலாமா? விண்டோஸ் 11 கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11க்கு மாறியவர்களும் மாறத் தயங்குபவர்களும் கேட்டவற்றைச் சுருக்கி இங்கே சேர்த்திருக்கிறேன். வீட்டுக் கணினி, சொந்த லேப்டாப் இவற்றுக்கான பதில்கள் இவை. அலுவலகக் கணினி என்றால் அங்கே அதைப் பராமரிப்பவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். மெனுப் பெயர்களை ஆங்கில விண்டோஸில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நேற்று அப்டேட் போட்டேன். மறுபடி ஆன் செய்ததும் நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவே இல்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: ஃபார்மட் செய்ய விடாதீர்கள். கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன, சாவிதான் வேண்டும். ஃபார்மட் செய்தால் கணினி ஓடும், ஆய்வேடு போய்விடும்.

அது பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வட்டுப் பூட்டின் மீட்புச் சாவி. பல லேப்டாப்களில் முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழையும்போதே வட்டு முழுவதும் தானாக மறையாக்கம் ஆகிவிடுகிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து (2024இன் இரண்டாம் பாதியில் வந்தது) இன்னும் நிறையக் கணினிகளில் இப்படித்தான். அன்றாடத்துக்கான சாவியை டி.பி.எம். என்ற சிப் காத்துவருகிறது. ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும், துவக்கத்தில் ஓடுகிற நிரல்கள் போன தடவை இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அது பூட்டைத் திறக்கும். விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியைத் துவக்குகிற பயாஸ் நிரலுக்கான அப்டேட் போன்ற ஒன்று அந்த அடித்தளத்தை மாற்றிவிட்டால், திருடன் யாரோ கைவைத்துவிட்டானோ என்று உங்களிடமே எண்ணைக் கேட்கிறது.

இப்போது செய்ய வேண்டியது இது. கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீஸ் என்பதைப் பாருங்கள். நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளோடு பொருந்துகிற சாவிதான் உங்களுடையது. அங்கே இல்லையென்றால், லேப்டாப் வாங்கிய அன்று முதலில் யாருடைய கணக்கைக் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். கல்லூரிக் கணக்கு என்றால் கல்லூரியின் கணினி நிர்வாகியிடம் இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சாவி எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் அதைத் திறக்க முடியாது. பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

அதே நபர்: அண்ணா, கிடைத்துவிட்டது! அப்பாவின் கணக்கில் இருந்தது.

பதில்: ரொம்ப சந்தோஷம். இப்போதே ஆய்வேட்டை ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். அடுத்த முறை பயாஸ் அப்டேட் வருமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் இந்தத் திரையே வராது.

கேள்வி: எல்லா அப்டேட்டையும் உடனே போடத்தான் வேண்டுமா சார்? போட்டால் ஏதாவது கெடுகிறது, போடாவிட்டால் ஆபத்து என்கிறார்கள்.

பதில்: அப்டேட் என்று ஒரே பெயரில் வந்தாலும் அவை ஒரே வகை இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருவது பாதுகாப்பு அப்டேட். 2003 அக்டோபரிலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. இதைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் கருத்து. மிஞ்சிப்போனால் மூன்று நான்கு நாள் பொறுக்கலாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தாக்குதல் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் நிறுவனங்களையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. இரண்டு மாத இடைவெளியில் அதைப் போட்டிருந்தவர்கள் அந்த ஓட்டை வழியாகத் தாக்கப்படவில்லை.

மாதக் கடைசியையொட்டி ப்ரிவ்யூ என்ற சொல்லோடு ஒன்று வரும். அது விருப்பத் தேர்வு. அதில் உள்ளவை பெரும்பாலும் அடுத்த மாதத்து அப்டேட்டில் தானாகவே வந்துவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

மூன்றாவது, ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு. இதற்குத்தான் பொறுமை வேண்டும். 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வந்தபோது, சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது, திருத்தி மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆனது. பெரிய பதிப்பு வந்ததும் ஓரிரு மாதம் விட்டுவிட்டு, முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துக்கொண்டு போடுங்கள். ஹோம், ப்ரோ வகைகளில் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 24 மாத ஆதரவு உண்டு, அவசரமே இல்லை.

கேள்வி: 2024 ஜூலையில் விமான நிலையங்களில் எல்லாம் நீலத் திரை வந்ததே, அதுவும் விண்டோஸ் அப்டேட்தானே?

பதில்: இல்லை. ஜூலை 19 அன்று நடந்தது கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான கோப்பால். சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அந்த மென்பொருள் நிறுவனங்களுக்கானது, வீட்டுக் கணினிகளில் பொதுவாக இருக்காது. அதைப் பார்த்து வீட்டில் அப்டேட்டை நிறுத்தியவர்கள் பலர். தயவுசெய்து திரும்ப இயக்குங்கள்.

கேள்வி: தினமும் இரவு ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் தூங்கப் போகிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் அப்டைம் (தொடர்ந்து ஓடிய நேரம்) 23 நாள் என்று காட்டுகிறது. எதையாவது வைரஸ் செய்கிறதா? கணினி வேறு மந்தமாக இருக்கிறது.

பதில்: வைரஸ் இல்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். நல்ல வேளை அந்த எண்ணைக் கவனித்தீர்கள், பலர் கவனிப்பதில்லை.

ஷட் டவுன் அழுத்தினால் நீங்கள் திறந்த செயலிகள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் கருப்பகுதியும், பிரிண்டர், ஒலி போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களும் நினைவகத்தில் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப ஏற்றப்படும். சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஏற்பாடு அது. ஒரு டிரைவர் தடுமாறியிருந்தால் அந்தத் தடுமாற்றமும் மறுநாள் கூடவே வரும். ரீஸ்டார்ட் அழுத்தினால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் விண்டோஸில் ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுமையான ஓய்வு.

வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புளூடூத் காணோம், பிரிண்டர் பேசவில்லை, ஒலி வரவில்லை என்று வருகிற புகார்களில் நிறைய இதிலேயே தீர்ந்துவிடும். அந்த வசதியே வேண்டாம் என்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் அணைத்துவிடலாம். சுழலாத, வேகமான எஸ்.எஸ்.டி. வட்டு உள்ள கணினியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: என் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்கிறது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப்போடச் சொல்கிறார்களே ஐயா?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. நல்ல இயந்திரம் வீணாவதைப் பார்க்க மனசு வராது. ஆனால் தூக்கிப்போடுமுன் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், நம்பகமான நிரல்களை மட்டும் துவக்கத்தில் ஓடவிடும் செக்யூர் பூட் வசதி, டி.பி.எம். 2.0 வேண்டும். ப்ராசசர் ஏறக்குறைய இன்டெல் எட்டாம் தலைமுறை, ஏ.எம்.டி. ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். டி.பி.எம். பல கணினிகளில் இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினியில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் தேடி இயக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியில் மறுபடி சோதியுங்கள். இப்படியே தகுதி பெற்ற கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

ப்ராசசரே பழையது என்றால் அதற்கு வைத்தியம் இல்லை. விண்டோஸ் 10க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துகொள்ளலாம். தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமில்லாமலே கிடைக்கும் வழி அதில் இருக்கிறது. இணையம், எழுத்து வேலை, படம் பார்ப்பது, இவ்வளவுதான் என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென் டிரைவில் போட்டு, வட்டைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் ஒலியும் வேலை செய்தால் அந்தக் கணினிக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் இருக்கிறது.

சோதனையைத் தாண்டி வலுக்கட்டாயமாக விண்டோஸ் 11ஐ ஏற்றும் குறுக்கு வழிகளை நான் சொல்லித் தருவதில்லை. அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வருவது நிச்சயமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

கேள்வி: 24எச்2விலிருந்து 25எச்2வுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: மாதாந்திர அப்டேட் எல்லாம் போட்டிருந்தால் சில நிமிடமும் ஒரு ரீஸ்டார்ட்டும். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. புதியவை ஏற்கெனவே உள்ளே வந்து தூங்கிக்கொண்டிருக்கும், ஒரு சிறிய தொகுப்பு அவற்றை எழுப்புகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஒன்டிரைவ் நிரம்பிவிட்டது என்று தொல்லை செய்ததால் அதன் பேக்கப்பை நிறுத்தினேன். டெஸ்க்டாப் முழுக்கக் காலியாகிவிட்டது அண்ணா. குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான்.

பதில்: பதற வேண்டாம், படங்கள் அழியவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இடப்பக்கம் ஒன்டிரைவைத் திறந்து, அதற்குள் டெஸ்க்டாப் என்ற உறையைப் பாருங்கள்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11ஐ முதலில் அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் உறைக்குள் குடிபெயர்ந்திருக்கும். பேக்கப்பை நிறுத்தியதும் டெஸ்க்டாப் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது, கோப்புகள் அங்கேயே நின்றுவிட்டன. இலவச அளவு 5 ஜிபி மட்டும் என்பதால் படங்கள் இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மேகச் சின்னம் உள்ள கோப்புகள் இணையத்தில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை வலச் சொடுக்கி, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு என்று பொருள்படும் தேர்வைக் கொடுங்கள். எல்லாம் பச்சை ஆனதும் வெளி வட்டுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, பிறகு டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். இடம் காலி செய்கிறேன் என்று இணையத்தில் போய் அழித்துவிடாதீர்கள். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். தவறி அழித்திருந்தால் ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும்.

கேள்வி: லதா எழுத்துருவில் செய்த பழைய ஆவணங்கள் புது லேப்டாப்பில் பக்கம் மாறிக் கிடக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையும் காணோம்.

பதில்: லதாவும் விஜயாவும் இப்போது கூடவே வருவதில்லை. அவை இல்லாத இடத்தில் வேறு எழுத்துரு வந்து உட்காருகிறது, அகலம் மாறுவதால் வரிகள் ஓடிவிடுகின்றன. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் திறந்து தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேருங்கள், பக்கங்கள் பழையபடி நிற்கும்.

தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது. டைம் அண்ட் லேங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் அதே பட்டியலில் உண்டு.

கேள்வி: அப்டேட் 35 சதவீதத்தில் ஒரு மணி நேரமாக நிற்கிறது. பவர் பொத்தானை அழுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். வட்டு விளக்கு சிமிட்டுகிறது என்றால் வேலை நடக்கிறது. பழைய சுழல் வட்டு உள்ள கணினியில் இரண்டு மூன்று மணி நேரம்கூடப் பார்த்திருக்கிறேன். சார்ஜரைச் செருகி வையுங்கள். இரவு முழுக்க ஓடியும் அசையவில்லை என்றால் மட்டும் அணையுங்கள். பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அதே அப்டேட் மறுபடி மறுபடி தோற்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போய், விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கலைச் சரிசெய்யும் பொத்தானை அழுத்துங்கள். இப்போதுள்ள அதே பதிப்பைப் புதிதாக இறக்கி மேலே நிறுவும். செயலிகளும் கோப்புகளும் அப்படியே இருக்கும்.

கேள்வி: விண்டோஸ் 11 பிடிக்கவில்லை, பத்துக்கே திரும்பலாமா?

பதில்: மாறி 10 நாளுக்குள் என்றால் ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் இருக்கும். அதற்குப் பிறகு பழைய கோப்புகளை விண்டோஸே நீக்கிவிடும். முக்கியமான இணைய வேலைகளைப் பார்க்கும் கணினி என்றால் திரும்ப வேண்டாம் என்பேன்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 70. மாறியதிலிருந்து கணினியைத் திறப்பதே இல்லை. எதுவும் வைத்த இடத்தில் இல்லை என்கிறார்.

பதில்: அம்மா சொல்வது நியாயம்தான். கை பழகிய இடத்தை மாற்றினால் யாருக்கும் கோபம் வரும். டாஸ்க்பாரை வலச் சொடுக்கி அதன் செட்டிங்ஸில் சின்னங்களை இடப்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டார்ட் பொத்தான் பழைய மூலையிலேயே வந்து நிற்கும். விட்ஜெட்ஸை அணையுங்கள், எழுத்தின் அளவை அக்சசிபிலிட்டியில் கூட்டுங்கள். வலச் சொடுக்கும்போது பழைய பட்டியலே வேண்டுமென்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு சொடுக்கச் சொல்லிக்கொடுங்கள். அவர் தினமும் திறக்கும் நான்கைந்து செயலிகளை மட்டும் டாஸ்க்பாரில் ஒட்டிவிட்டு, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரையே திறக்கச் சொல்லிப் பாருங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும்.