எல்சிடியும் பேட்டரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய கடிகாரத்திலிருந்து கழற்றிய எல்சிடியின் பின்களில் 3 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். கோடுகள் கறுப்பாக எழுந்து வந்தன. சந்தோஷத்தில் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அதே கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. பேட்டரியை அளந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: பேட்டரி நன்றாக இருந்ததுதான் தொல்லை! எல்இடியில் பழகிய கை, எல்சிடியிலும் பிளஸ் மைனஸ் தேடும். ஆனால் கண்ணாடிக்கு நடுவே இருக்கும் திரவப் படிகத்துக்கு மின்புலம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான்; எவ்வளவு என்பதை மட்டுமே பார்த்துத் திரும்பும். அதனால் டிசி (பேட்டரி தருவது போல ஒரே திசையில் போகும் மின்சாரம்) கொடுத்தாலும் எழுத்து தெரியும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். உள்ளே இருக்கும் அயனிகள் மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கும், கண்ணாடியில் பூசிய மின்முனையில் வேதிவினை தொடங்கும். ஒரு கோட்டுக்கும் அதன் பின்புறப் பொதுமுனைக்கும் (பேக்பிளேன்) இடையே சராசரி டிசி சுமார் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எல்சிடி தயாரிப்பவர்கள் சொல்வது இதனால்தான். நீங்கள் கொடுத்தது 3,000.

சரி, என்ன செய்யலாம்? ஒரு எக்ஸ்ஆர் (XOR) கேட் போதும்; இரண்டு உள்ளீடுகளும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 தரும் சுற்று அது. சிடி 4070 ஐசியில் நான்கு இருக்கின்றன. 60 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒன்றை பேக்பிளேனுக்குக் கொடுங்கள். அதே அலையை கேட்டின் ஒரு உள்ளீட்டுக் காலுக்கும் கொடுங்கள். மற்றொரு கால் உங்கள் கட்டளை. வெளியீடு கோட்டுக்குப் போகும். கட்டளை 0 என்றால் கோடும் பேக்பிளேனும் சேர்ந்தே ஏறி இறங்கும், இடையில் வித்தியாசம் இல்லை, கோடு மறையும். கட்டளை 1 என்றால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அந்தக் கோட்டின் மேல் பிளஸ் 3, மைனஸ் 3 என்று மாறி மாறி விழும், சராசரி பூஜ்யம். சதுர அலையின் இரு பாதிகளும் சரிசமமாக இருக்கட்டும், இல்லையென்றால் டிசி பின்வாசல் வழியாக வந்துவிடும். வேகம் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் எழுத்து சிமிட்டும். ரொம்ப மேலே போனால் மின்சாரம்தான் வீண்.

நானும் இதில் சூடுபட்டவன்தான். மைக்ரோகண்ட்ரோலரின் பின்களை நேராக எல்சிடியில் இணைத்து, நிரலில் ஒரு பிழையைத் தேடுவதற்காக ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினேன். அப்படியே தூங்கப் போய்விட்டேன். நிரல் நின்றது, பின்கள் நின்ற நிலையிலேயே உறைந்தன, இரவு முழுக்க டிசி. காலையில் 7 என்ற எண் மட்டும் பேய் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, ஓட்டத்தை நிறுத்துவதற்கு முன் எல்சிடியின் இணைப்பைப் பிடுங்கிவிடுகிறேன்.

கேள்வி: என் எல்சிடிக்கு நான்கு காமன் (பேக்பிளேன்) பின்கள். எல்சிடி ஓட்டும் வசதி உள்ளேயே இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் வைத்திருக்கிறேன். 3 வோல்ட்டில் அருமையாக இருந்தது. பளிச்சென்று வரட்டுமே என்று 5 வோல்ட் கொடுத்தேன். எல்லா இடத்திலும் 8 தெரிகிறது. ஐசி போய்விட்டதா? – பொழுதுபோக்குக்காக மின்னணுக் கருவிகள் செய்பவர்

பதில்: ஐசி பிழைத்திருக்கிறது. நான்கு காமன் இருந்தால் 8 கம்பிகளைக் கொண்டே 32 கோடுகளை ஆளலாம். அதற்கு ஒரு விலை உண்டு: அணைந்த கோடும் முழுதாக அணைவதில்லை. மின்னழுத்தத்தை மூன்று சமபடிகளாகப் பிரித்து ஓட்டும் வழக்கமான முறையில், 3 வோல்ட்டுக்கு எரியும் கோட்டுக்கு ஆர்எம்எஸ் கணக்கில் (மாறும் மின்னழுத்தத்தின் பயனுறு அளவு) 1.73 வோல்ட் கிடைக்கும். அணைந்த கோட்டுக்கும் 1 வோல்ட் கிடைக்கும். உங்கள் எல்சிடி கறுக்கத் தொடங்கும் அளவு இந்த இரண்டுக்கும் நடுவே இருந்ததால்தான் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. 5 வோல்ட் கொடுத்ததும் அணைந்த கோடே 1.67-க்குப் போய்விட்டது. அதாவது, முன்பு எரிந்த கோடு இருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கிறது. எல்லாக் கோடும் கறுத்தால் அப்புறம் எட்டு தெரியாமல் என்ன செய்யும்?

மின்னழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் இந்த 1.73 மடங்கு வித்தியாசம் மாறாது. காமன்களைக் கூட்டினால் இன்னும் சுருங்கும்; 16 காமனுக்கு 1.29 மடங்குதான். திரும்பவும் 3 வோல்ட்டுக்கே வந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே பேக்பிளேன் உள்ள எல்சிடியில் எனக்குத் தேவையில்லாத குறிகளின் பின்களைச் சும்மா விட்டேன். விரல் பட்டால் அவை அரைகுறையாகத் தெரிகின்றன. கிரவுண்டில் (0 வோல்ட்) இணைத்துவிடலாமா? – ஒரு வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். பேக்பிளேன் 0, 5 என்று ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு பின் மட்டும் கிரவுண்டில் நின்றால், அந்தக் குறி நன்றாகவே தெரியும். கூடவே அதன் மேல் சராசரி 2.5 வோல்ட் டிசி. முதல் கேள்வி கேட்ட மாணவரின் கதைதான் உங்களுக்கும். தேவையில்லாத பின்களை பேக்பிளேனோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.